ஐடியாவுக்கும் வித்வானுக்கும் என்ன உறவு?

‘ஐடியா’ என்ற சொல்லுக்கு இன்று தமிழ்நாட்டில் யாரும் விளக்கம் கேட்பதில்லை. தியாகராய நகரில் கல்யாண ஜவுளி எடுக்க வந்த குடும்பம் எந்தக் கடைக்குள் நுழைவது என்று திகைத்து நிற்கும்போது, கூட்டத்தில் ஒருவர் “நான் ஒரு ஐடியா சொல்றேன்” என்பார். வழி கேட்டால் “சுத்தமா ஐடியா இல்லீங்க” என்று ஒருவர் கைவிரிப்பார். எதற்கெடுத்தாலும் யோசனை சொல்பவருக்கு ‘ஐடியா மணி’ என்று பட்டமே உண்டு. இப்படி வீட்டுச் சொல்லாகிவிட்ட ஐடியா, கிரேக்கத்தில் பிறந்தபோது கண்ணைச் சேர்ந்த சொல்லாக இருந்தது. ‘இதெய்ன்’ என்றால் அந்த மொழியில் பார்த்தல். ‘இதேயா’ என்றால் கண்ணுக்குப் புலப்படும் வடிவம், தோற்றம். புறக்கண்ணுக்குத் தெரியாமல் அறிவுக்கு மட்டுமே தெரியும் வடிவங்கள் உண்டு என்று வாதிட்ட பிளேட்டோ, அவற்றுக்கும் இதே பெயரை வைத்தார். அதன்பிறகுதான் அந்தச் சொல் மெல்ல மெல்லக் கண்ணை விட்டுத் தலைக்குள் குடியேறியது.

அதன் வேர் இன்னும் பழையது. ஐரோப்பிய மொழிகள் பலவும் சமஸ்கிருதமும் பாரசீகமும் கிளைத்த இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் ‘வெய்த்’ என்றொரு வேர் இருந்தது என்றும், பார்த்தலையும் பார்த்தலால் வரும் அறிவையும் அது குறித்தது என்றும் மொழியியலாளர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள். லத்தீனில் அது ‘நான் பார்க்கிறேன்’ என்ற பொருளில் ‘விதேயோ’ ஆயிற்று; நம் வீடியோ அதிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் ‘வைஸ்’, ‘விட்’, ‘விஸ்டம்’ ஆகியவை அதே வேரில் முளைத்தவை. சமஸ்கிருதத்தில் வேதம், வித்யா, வித்வான், விதுஷி. மார்கழி மாதத்தில் மயிலாப்பூர் சபா ஒன்றில் மேடையில் அமர்ந்து தோடி பாடும் வித்வானும், அரங்கின் ஓரத்தில் நின்று அதை வீடியோ எடுப்பவரும், அடுத்த கச்சேரிக்குக் கூட்டம் சேர்க்க ஐடியா சொல்லும் சபா செயலாளரும் சொல்லளவில் ஒரே குடும்பத்தினர்.

இந்த உறவை சென்னைவாசிகளுக்கு நேரிலேயே சொன்ன ஒருவர் இருந்தார். அடையாறு ஆற்றை ஒட்டிய கிரீன்வேஸ் சாலையில் வசந்த விகார் இருக்கிறது. குளிர்கால மாலைகளில் அங்கே மரங்களின் கீழ் ஜே.கிருஷ்ணமூர்த்தி பேசுவார், பலதரப்பட்ட மக்கள் தரையில் அமர்ந்து கேட்பார்கள். ஒரு சொல்லை எடுத்துக்கொண்டால் அதன் அகராதிப் பொருளையும் வேர்ப் பொருளையும் முதலில் விளக்குவது அவருடைய வழக்கம். ‘ஐடியா’ என்பதற்குக் கிரேக்கத்தில் பார்ப்பது, கவனிப்பது என்றுதான் பொருள் என்பதை அவர் பல உரைகளில் திரும்பத் திரும்பச் சொன்னார். நேராகப் பார்ப்பதை விட்டுவிட்டு, பார்த்ததைப் பற்றிய முடிவுகளைப் பிடித்துக்கொண்டு வாழ்கிறோம் என்பதே அவர் வாதத்தின் மையம். அந்த வாதத்துக்கு இந்தச் சொல்லின் வரலாறே சான்றாக நின்றது. 1986 ஜனவரி 4 அன்று அவர் ஆற்றிய கடைசிப் பொது உரையும் இதே வசந்த விகாரில்தான். அடுத்த மாதம் 17ஆம் தேதி கலிபோர்னியாவின் ஓஹாயில் அவர் காலமானார். அவருடைய தத்துவத்தை ஏற்பவரும் உண்டு, மறுப்பவரும் உண்டு. ஆனால் ஒரு கருத்துச் சொல்லை அதன் பிறந்த வீட்டிலிருந்து தொடங்கி விளக்கும் அந்த முறையை நம் வகுப்பறைகள் கைக்கொள்ளாமல் விட்டது பெரிய இழப்பு.

‘தியரி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கல்லூரி மாணவருக்குத் தியரி என்றால் மனப்பாடம் செய்து எழுதும் தேர்வு; பிராக்டிகலுக்கு எதிரானது; தூக்கம் வரவழைப்பது. கிரேக்கத்தில் ‘தெயோரோஸ்’ என்பவர் ஒரு நகரத்தின் சார்பில் வேற்றூர்த் திருவிழாவுக்கோ தெல்பி போன்ற குறி சொல்லும் தலத்துக்கோ அனுப்பப்பட்டவர். விழாவைக் கண்ணாரப் பார்த்து, ஊர் திரும்பி, கண்டதைச் சொல்வது அவர் வேலை. அந்தப் பயணத்துக்கும் பார்வைக்கும் ‘தெயோரியா’ என்று பெயர். பார்க்கும் இடமான தியேட்டரும் அதே சொற்குடும்பம். பங்குனியில் மயிலாப்பூர் மாடவீதிகளில் அறுபத்துமூவர் உலாவைக் காணச் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்து, ஊர் திரும்பியதும் திண்ணையில் அமர்ந்து எல்லாவற்றையும் விவரிக்கிற பெரியவர்தான் பழைய பொருளில் தியரி செய்பவர். இதைக் கேட்ட மாணவர் தியரி என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பது என்று மறுபடி நினைக்க மாட்டார்.

தமிழிலும் இந்தப் பாதை உண்டு. ‘காண்’ என்ற வினையிலிருந்து வந்த காட்சியை, திருக்குறளின் மெய்யுணர்தல் அதிகாரம் தெளிந்த அறிவு என்ற பொருளில் ஆள்கிறது. நம் அளவை நூல்களில் காட்சி ஓர் அறிவு வாயில். கண்ணோட்டத்தின் கதை இன்னும் சுவையானது. இன்று ‘பெண்ணியக் கண்ணோட்டம்’, ‘பொருளாதாரக் கண்ணோட்டம்’ என்று எழுதும்போது, ஆங்கிலத்தின் ‘பெர்ஸ்பெக்டிவ்’ என்ற சொல்லுக்கு நேராக அதை நிறுத்துகிறோம். அந்த ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேரும் ‘ஊடுருவிப் பார்’ என்பதே. ஆனால் வள்ளுவர் கண்ணோட்டம் என்ற பெயரில் ஓர் அதிகாரமே எழுதியிருக்கிறார். அங்கே அதன் பொருள் இரக்கம். எதிரில் நிற்பவர் மேல் கண் ஓடி நெகிழ்வது. இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கத்தில் நெகிழ்ச்சி உதிர்ந்து பார்வை மட்டும் மிஞ்சியிருக்கிறது. பத்தாம் வகுப்பு மாணவிக்கு இதைச் சொல்லிக்கொடுத்தால் குறளும் புரியும், நாளிதழ்க் கட்டுரையும் புரியும்.

சொல்லிக்கொடுக்கிறோமா? தமிழ்நாட்டுப் பள்ளித் தமிழ்ப் பாடநூல்களில் ‘கலைச்சொல் அறிவோம்’ என்றொரு கட்டம் வருகிறது. நல்ல முயற்சி. ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் தமிழ்ச் சொல், நடுவே ஒரு கோடு. அத்துடன் முடிந்துவிடுகிறது. இரண்டு சொற்களுக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்னக் கோட்டில்தான் எல்லாக் கதையும் புதைந்து கிடக்கிறது. மாணவர்கள் இணைகளை நெட்டுருப் போட்டு ஒரு மதிப்பெண் வாங்குகிறார்கள். அடுத்த ஆண்டு மறந்துவிடுகிறார்கள். மேல்நிலைக்கும் கல்லூரிக்கும் போய், சமூகவியலும் பொருளியலும் சட்டமும் படிக்கும்போது, கருத்துச் சொற்கள் ஆங்கிலத்திலும் புரியாமல் தமிழிலும் புரியாமல் இரண்டு மடங்கு சுமையாகின்றன. ஆங்கிலவழியில் படித்த பிள்ளைக்கும் இதே கதிதான். அவருக்கும் ‘ஐடியாலஜி’ எங்கிருந்து வந்தது என்று யாரும் சொன்னதில்லை.

வேரை அறிந்தவர் கையில் சொல் எப்படிப் பிழைக்கும் என்பதற்குப் பண்பாட்டைவிடச் சிறந்த சான்று கிடையாது. ‘கல்ச்சர்’ என்பதற்கு நேராக இந்தச் சொல்லை 1937இல் முதலில் வழங்கியவர் ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார் என்று எஸ்.வையாபுரிப்பிள்ளை பதிவு செய்திருக்கிறார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைப் பதிப்பித்து முடித்த வையாபுரிப்பிள்ளை, சொல்லின் வயதைப் பற்றி எளிதில் வாய் திறக்காதவர். அதனால் இந்தச் சாட்சிக்கு எடை அதிகம். கல்ச்சர், லத்தீனில் ‘கொலெரே’ என்ற வினையின் வழி வந்தது: நிலத்தை உழு, பேணு. வயலைச் சேர்ந்த அந்தச் சொல்லை மனத்துக்குக் கொண்டுவந்தவர் ரோமானியப் பேச்சாளர் சிசரோ. தத்துவத்தை மனத்தின் உழவு என்று அவர் உருவகித்தார். தமிழிலோ நிலத்தைப் பண்படுத்துவது உழவர் வழக்கு. உழுது, கட்டி உடைத்து, எருவிட்டு, விதைப்புக்கு உகந்ததாக ஆக்கிய நிலம் பண்பட்ட நிலம். பண்பாடு என்ற சொல்லைக் கேட்டவுடன் தமிழர் காதில் பண்பும் ஒலித்தது, பண்படுதலும் ஒலித்தது. ரோமின் வயலும் தாமிரபரணிக் கரை வயலும் ஒரே சொல்லில் சந்தித்தன. அதுவரை வழங்கிய ‘கலாச்சாரம்’ இன்றும் உயிரோடு இருக்கிறது என்றாலும், மேடையிலும் பல்கலைக்கழகத் துறைகளின் பெயர்ப் பலகையிலும் பண்பாடு அழுத்தமாக வேர்விட்டிருக்கிறது. கல்ச்சரின் பழைய வயலை நினைத்துத்தான் டி.கே.சி. இந்தச் சொல்லைத் தேர்ந்தாரா என்ற கேள்வி இங்கே முக்கியமல்ல. இரண்டு மொழியும் ஒரே உழவிலிருந்து ஒரே உருவகத்தை எடுத்திருக்கின்றன. அதனால்தான் சொல் பொருந்தியது.

பொருந்தாமல் தவித்த சொற்களும் உண்டு. ‘மெம்பர்’ என்பதற்குத் தமிழ் தேடிப் பாரதியார் பட்ட பாடு பிரபலம். அவயவி, அங்கத்தான், சபிகன், உறுப்பாளி என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்து, அரைமணி நேரம் யோசித்தும் மனம் ஒப்பாமல், மெம்பர் என்றே எழுதிவிட்டு, பண்டிதர்கள் நல்ல சொல் கண்டுபிடித்துத் தரட்டும் என்று விட்டுவிட்டார். லத்தீனில் ‘மெம்ப்ரும்’ என்றால் கை, கால் போன்ற உறுப்பு. பாரதி தேடிய சொற்களில் மூன்று அந்த உடல் உருவகத்தையே சுற்றி வந்தன என்பது கவனிக்க வேண்டியது. வேர் அவருக்குச் சரியாகப் பிடிபட்டிருந்தது. விகுதி மட்டும் அமையவில்லை. பின்னால் வந்தவர்கள் ‘உறுப்பினர்’ என்று ஆக்கியதும் பூட்டு திறந்துகொண்டது. இன்று சட்டமன்ற உறுப்பினர் முதல் குடியிருப்போர் சங்க உறுப்பினர் வரை அது சர்வ சாதாரணம். ‘ரெவல்யூஷன்’ கதை வேறு. வானில் கோள்கள் சுழன்று பழைய இடத்துக்கே திரும்புவதைக் குறித்த சொல் அது. 1543இல் வெளியான கோப்பர்நிக்கஸ் நூலின் தலைப்பிலும் அந்தப் பொருளில்தான் இருக்கிறது. பழையபடி ஆவது என்ற பொருளை உதறிவிட்டு, பழையதைக் கவிழ்ப்பது என்ற பொருளை அது முழுதாகப் பெற்றது 1789 பிரெஞ்சுப் புரட்சியின் வழியாக. தமிழ் அந்தப் பிந்திய பொருளை மட்டும் பற்றிக்கொண்டு, புரளுதலிலிருந்து புரட்சியை எடுத்தது. அச்சொல்லில் சுழற்சி இல்லை, தலைகீழாதல் மட்டுமே உண்டு.

கலைச்சொல்லாக்கத்துக்குத் தமிழில் நூற்றாண்டு தாண்டிய உழைப்பு இருக்கிறது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார். ராஜாஜி 1916இல் சேலத்தில் கலைச்சொற்களுக்கென ஒரு கழகமும் இதழும் தொடங்கினார். 1936இல் சென்னையில் விபுலானந்த அடிகள் தலைமையில் சொல்லாக்க மாநாடு கூடியது. அதன் பயனாக 1938இல் கலைச்சொல் தொகுப்பு வெளிவந்தது. 1940இல் சென்னை அரசு வி.எஸ்.சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. ஆங்கிலப் பேச்சாற்றலால் உலகப் புகழ் பெற்ற அவர் குழு, சமஸ்கிருதச் சொற்களையே தமிழ் மாணவர் தலையில் கட்டும் என்று தமிழறிஞர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்தக் கொதிப்பு நியாயமானது. அதன் பலனாகத்தான் ‘விஞ்ஞானம்’ படிப்படியாக ‘அறிவியல்’ ஆனது. ஆனால் விவாதம் முழுவதும் சொல் எந்த மொழியிலிருந்து வரவேண்டும் என்பதைச் சுற்றியே நடந்ததால், அந்தச் சொல்லுக்குள் என்ன படம் இருக்கிறது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது. அது இன்றுவரை முன்னுக்கு வரவில்லை.

படத்தைக் கேட்டால் எவ்வளவு தெளிவு பிறக்கும் என்பதற்கு ‘ஐடியாலஜி’ ஒன்றே போதும். 1796இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் டெஸ்டு த ட்ராசி இந்தச் சொல்லை உருவாக்கினார். உயிரியல், புவியியல் போல எண்ணங்கள் எப்படித் தோன்றுகின்றன என்று ஆராயும் ஓர் இயல் என்பதே அவர் பொருள். தன்னை எதிர்த்த ட்ராசியின் குழுவினரை, நடைமுறை தெரியாத கனவுக்காரர்கள் என்று நெப்போலியன் ஏளனம் செய்தபோது, அதே சொல்லையே வசையாக்கினார். மார்க்ஸும் ஏங்கெல்ஸும் அதை ஆளும் வர்க்கம் போர்த்தும் திரையாகக் கண்டார்கள். இன்று தமிழில் அதற்கு இரண்டு சொற்கள் ஓடுகின்றன. சித்தாந்தம் என்றால் நிறுவப்பட்ட முடிவு. ஆராய்ந்து முடித்த பின் எட்டிய கடைசி இடம். கருத்தியல் என்றால் கருத்தைப் பற்றிய இயல். ட்ராசியின் முதற்பொருள் அப்படியே. ஒரு கட்சித் தலைவர் ‘எங்கள் சித்தாந்தம்’ என்னும்போது விவாதம் முடிந்துவிட்டது என்கிறார். ஓர் ஆய்வாளர் ‘இந்தத் திரைப்படத்தின் கருத்தியல்’ என்னும்போது விவாதத்தைத் தொடங்குகிறார். ஆங்கிலத்தில் ஒரே சொல் சுமக்கும் இரண்டு மனநிலைகளைத் தமிழ் பிரித்து வைத்திருக்கிறது. இதை வறுமை என்று யாராவது சொல்ல முடியுமா?

தியாகராய நகருக்குப் பெயர் தந்த பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த கட்சியின் பெயரிலும் இப்படியொரு மொழிபெயர்ப்பு வரலாறு உண்டு. ‘ஜஸ்டிஸ்’ என்ற அதன் ஆங்கில நாளிதழால் மக்கள் அதை ஜஸ்டிஸ் கட்சி, நீதிக்கட்சி என்றார்கள். முறையான ஆங்கிலப் பெயரில் இருந்தது ‘லிபரல்’. லத்தீனில் ‘லீபெர்’ என்றால் அடிமையல்லாத, சுதந்திரமான. தமிழில் அந்த அமைப்பு தென்னிந்திய நலவுரிமைச் சங்கம் ஆனது. சுதந்திரம் என்ற ஒற்றைக் கல் நலம், உரிமை என்று இரண்டாகப் பிளந்தது. படிப்பிலும் அரசு வேலையிலும் பங்கு கேட்டுப் பிறந்த கட்சிக்கு இந்தப் பிளவு எவ்வளவு பொருத்தம் என்பதை அந்த நகரின் பனகல் பூங்காவைக் கடந்து போகிறவர்கள் ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம்.

வேர் தேடுவதில் ஒரு பள்ளமும் இருக்கிறது. ‘எய்ட்’ என்ற ஆங்கிலச் சொல் தமிழின் எட்டிலிருந்து போனது என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. அது லத்தீனின் ‘ஆக்டோ’, சமஸ்கிருதத்தின் ‘அஷ்ட’ ஆகியவற்றோடு பிறந்த சொல். எட்டோடு ஒலி மட்டுமே ஒத்திருக்கிறது. கருவும் கருத்தும் காதுக்கு ஒன்றுபோல் ஒலிப்பதால், கருத்தரித்தலை உள்ளடக்கிய ஆங்கிலத்தின் ‘கான்செப்ட்’ அப்படியே நம்மிடம் இருந்தது என்று பெருமைப்பட்டுவிடக் கூடாது. கருத்துக்குத் தாய் ‘கருது’ என்ற வினை. உறவு வேறு, ஒப்புமை வேறு. ‘எண்’ என்பதிலிருந்து எண்ணிக்கையும் எண்ணமும் தமிழில் பிறந்தன. லத்தீனின் ‘ராத்தியோ’ கணக்கிடுதலையும் பகுத்தறிதலையும் சேர்த்துக் குறித்தது. இவற்றுக்குள் ரத்த உறவு கிடையாது. கணக்குப் போடும் செயலையே சிந்திக்கும் செயலுக்கு உருவகமாக இரண்டு மக்களும் தனித்தனியே கண்டார்கள். யார் யாருக்குக் கடன் கொடுத்தார்கள் என்ற கேள்வியை விட இந்த ஒப்புமை மனத்துக்கு நிறைவு தருகிறது.

கடன் உண்மையிலேயே நடந்த இடங்களும் உண்டு. கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் ஆங்கிலத்துக்குப் போனதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அவை பொருட்கள். தமிழிலிருந்து போய் ஐரோப்பாவில் ஒரு கருத்தாகவே மாறிய சொல் ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பேசச் சென்னை ஏனோ தயங்குகிறது.

‘பரையா’ என்று ஆங்கில நாளிதழ்கள் எழுதும் சொல், பறை என்ற இசைக்கருவியின் பெயரால் அமைந்த ஒரு சமூகத்தின் பெயர். 17ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியர் குறிப்புகளில் அது வந்துவிட்டது. 1791இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்தேன் த சேன்-பியேர் எழுதிய கதையில் அது இலக்கியத்துக்குள் நுழைந்து, கதேயின் கவிதைகளில் இடம்பெற்று, மாக்ஸ் வெபரின் சமூகவியலில் கலைச்சொல்லாகி, 1944இல் ஹன்னா அரெண்ட் யூதர்களின் நிலையைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பில் ஏறி அமர்ந்தது. இன்று உலகம் ஒதுக்கிவைத்த நாட்டை அந்தப் பெயரால் குறிப்பது ஆங்கிலத் தலையங்கங்களில் வாடிக்கை. ஒரு சமூகத்தின் பெயரை உலகம் முழுவதும் ‘விலக்கப்பட்டது’ என்ற பொருளில் புழங்கவிட்டிருக்கிறோம். அந்தப் பெயருக்குரிய மக்கள் வாழும் சென்னையில் அச்சாகும் ஆங்கில ஏடுகளும் கூச்சமின்றி அதையே எழுதுகின்றன.

இதே நகரத்தில் 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். இகழ்ச்சியாக வீசப்பட்ட பெயரை நிமிர்ந்து நின்று தலைப்பாக வைத்தார். ராயப்பேட்டையிலிருந்து 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் வேறு வழியில் போனார். பெயர்களின் வேரைத் தோண்டித் தோண்டி, திணிக்கப்பட்ட அடையாளத்துக்கு அடியில் ஒரு பௌத்த வரலாற்றைக் கண்டெடுத்தார். அவர் சொன்ன சொல்விளக்கங்கள் எல்லாவற்றையும் இன்றைய மொழியியல் ஏற்காது. ஆனால் சொல்லின் பிறப்பு யார் கையில் இருக்கிறதோ, மரியாதையும் அவர் கையில் இருக்கிறது என்பதை அவரைப் போல் உணர்ந்தவர் குறைவு. 1922இல் எம்.சி.ராஜாவின் முயற்சியால் சென்னை மாகாண அரசு ஆவணங்களில் ‘ஆதிதிராவிடர்’ என்ற பெயர் ஏற்கப்பட்டது. நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆங்கிலத்தில் ‘அவுட்காஸ்ட்’, ‘ஐசோலேட்டட்’ என்று எத்தனையோ சொற்கள் இருக்கும்போது, சென்னை ஆங்கில ஏடுகளின் நடைக் கையேடு இந்த ஒரு சொல்லை நீக்கிவிடலாம். சொற்பிறப்பு வெறும் பொழுதுபோக்கு அல்ல என்பதை இதைவிட வலுவாக எதுவும் காட்டாது.

அடையாற்றில் ஆலமரத்துக்குப் புகழ்பெற்ற தியாசஃபிகல் சங்க வளாகத்தின் பெயரிலும் ஒரு சொற்கதை இருக்கிறது. 1875இல் நியூயார்க்கில் சங்கம் தொடங்கியவர்கள் பெயர் கிடைக்காமல் அகராதியைப் புரட்டியபோதுதான் ‘தியாசஃபி’ கண்ணில் பட்டது என்று அவர்களில் ஒருவரான ஆல்காட் எழுதிவைத்திருக்கிறார். இறைவன், ஞானம் என்ற இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. 1882இல் தலைமையகம் அடையாற்றுக்கு வந்தது. தமிழர்கள் அதைப் பிரம்மஞான சபை என்றார்கள். கிரேக்கத்தின் இரண்டு பாதிகளும் சிந்தாமல் சிதறாமல் தமிழ்ப் பெயரில் வந்து அமர்ந்திருக்கின்றன.

இத்தனைக்கும் தேவையான நிறுவனங்கள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. சாந்தோம் நெடுஞ்சாலையில் எம்.ஆர்.சி. நகர்ப் பக்கம் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலி இயக்ககம் செயல்படுகிறது. 1974இல் தேவநேயப் பாவாணரை இயக்குநராகக் கொண்டு தொடங்கிய அந்தத் திட்டம் 2011இல் பேரகரமுதலியை முடித்தது. உலக மொழிகளுக்கெல்லாம் தமிழே மூலம் என்ற பாவாணரின் கொள்கையை மொழியியலாளர்கள் ஏற்பதில்லை. தமிழ்ச் சொற்களின் உள்வேர்களைத் தேடிய அவர் உழைப்பின் பெருமை அதனால் குறையாது. அந்த இயக்ககத்தின் ‘சொற்குவை’ திட்டம் புதிய கலைச்சொற்களைத் திரட்டுகிறது. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகத்தில் பாடநூல் கழகம் இருக்கிறது. அந்தச் சாலைக்குக் கல்லூரிச் சாலை என்ற பெயர் வந்ததே 1812இல் தொடங்கிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியால்தான். பின்னாளில் அது இயங்கிய இடம் இதுவே. அந்தக் கல்லூரியை உருவாக்கிய எல்லிஸ், 1816இல் தமிழ், தெலுங்கு, கன்னட வேர்ச்சொற்களை வரிசையாக ஒப்பிட்டு, தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று நிறுவினார். கால்டுவெல்லுக்கு நாற்பது ஆண்டுகள் முன்பு. சொல்லின் வேரைப் பார்த்து ஒரு மொழிக் குடும்பத்தையே அடையாளம் கண்ட மரபுக்கு வாரிசான இடத்தில்தான் இன்று நம் பாடநூல்கள் உருவாகின்றன.

செய்ய வேண்டியது கடினமானதல்ல. ‘கலைச்சொல் அறிவோம்’ கட்டத்தில் பத்துச் சொற்களை அடுக்குவதற்குப் பதில் மூன்று போதும். ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி. ஆங்கிலச் சொல் எங்கே பிறந்தது, அதற்குள் என்ன செயல் அல்லது பொருள் இருந்தது, தமிழ்ச் சொல்லை யார் எப்போது ஆக்கினார், அதன் வினையடி எது. ‘ரெனேசான்ஸ்’ என்றால் மறுபிறப்பு. நாம் மறுமலர்ச்சி என்று பிறப்பைப் பூவாக்கினோம். ஏன் என்று வகுப்பில் கேளுங்கள். ‘ரேஷனலிசம்’ கணக்கிலிருந்து வந்தது. பகுத்தறிவு பகுத்தலிலிருந்து வந்தது. இரண்டில் எது பொருத்தம் என்று விவாதிக்கச் சொல்லுங்கள். சொற்குவையிலும் ஒவ்வொரு புதிய சொல்லோடும் அதை ஆக்கியவர் எண்ணியது என்ன என்ற குறிப்பு சேரட்டும். செயற்கை நுண்ணறிவு தொடர்பாக இன்று குவியும் சொற்களுக்கு இப்போதே எழுதிவைத்தால்தான் உண்டு. அகரமுதலி இயக்ககம் வேர்களைத் தர, பல்கலைக்கழகத் தமிழ், ஆங்கிலத் துறைகள் சரிபார்க்க, பாடநூல் கழகம் அச்சிட வேண்டும். ஒன்பதாம் வகுப்புத் தமிழ் நூலிலிருந்து தொடங்கலாம். முதல் சொல்லாகப் பண்பாட்டையே வைக்கலாம்; உழவர் வீட்டுப் பிள்ளைகள் ஆசிரியருக்கு முன்பே கையை உயர்த்துவார்கள்.